நாற்பத்தாறாம் பக்கத்துக் கையெழுத்து

கனடாவின் தலைநகரான ஒட்டாவாவிலே இருக்கிற சமஷ்டி அரசாங்கத்துக்கு, அதாவது கூட்டாட்சி அரசாங்கத்துக்கு, ஒருநாள் காலைமை, கோப்பி குடித்துக்கொண்டிருக்கிற நேரத்தில், சாதாரண சனங்கள்மேல் இரக்கம் வந்துவிட்டது.

அரசாங்கத்துக்கு இரக்கம் வருவது லேசுப்பட்ட காரியம் அல்ல. முதலில் அதற்கொரு குழு அமைக்கவேண்டும். அமைத்தார்கள். குழு இரண்டு வருடம் கூடிக் கூடிப் பேசி, வங்கிகள் சனங்களிடம் எதற்கெதற்கோ கட்டணம் எடுக்கின்றன, எதற்கு எடுக்கின்றன என்பது சனங்களுக்கு விளங்குவதில்லை என்று கண்டுபிடித்தது. கட்டணத்தைக் குறைத்துப் பார்ப்போமா என்று ஒருவர் மெல்லக் கேட்டாராம். மற்றவர்கள் அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, கட்டணம் இருக்கட்டும், விளக்கத்தைக் கூட்டுவோம் என்று தீர்மானித்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் அந்தச் சுற்றுநிருபம்:

"இன்றுமுதல் வங்கியில் கணக்குத் திறக்கும் எந்தவொரு நுகர்வோரும், கணக்கின் நிபந்தனைகள் யாவற்றையும் வாசித்து, ஐயந்திரிபற விளங்கிக்கொண்டதாகத் தமது சொந்தக் கையால் ஒப்பமிட்டதன் பின்னரே அவருக்குக் கணக்குத் திறக்கப்படுதல் வேண்டும். ஒப்பமிடுமாறு எவரும் அவரை வற்புறுத்தலாகாது."

வங்கிகள் ஒரு கிழமை அழுதன. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்பத்தாறு பக்கத்தில் ஒரு ஒப்பந்தம் அச்சடித்தன. முந்திச் சொல்லாமல் எடுத்ததை இப்போது சொல்லிப்போட்டு எடுத்தன. அரசாங்கத்துக்குத் திருப்தி. வங்கிகளுக்கு அதைவிடத் திருப்தி. சனங்களோ நாற்பத்தைந்து பக்கத்தையும் ஒரே பிடியில் புரட்டி, கடைசிப் பக்கத்தில் கையெழுத்தை இழுத்துவிட்டு, சகலதும் விளங்கியவர்களாக வீட்டுக்குப் போனார்கள்.

இலங்கையிலிருந்து வந்த எங்கட தமிழ் ஆக்களும் அப்படித்தான். சமஷ்டி என்ற சொல்லிலேயே நமக்கொரு தனி மரியாதை. ஊரிலே நாற்பது வருடமாகக் கேட்டும் கிடைக்காத சாமான், இங்கே வந்து இறங்கின அன்றைக்கே சும்மா கிடைத்திருக்கிறது. அது அனுப்புகிற கடுதாசியைக் கேள்வி கேட்கலாமா?

ஆகவே எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, தொண்ணூற்றாறாம் ஆண்டு பங்குனி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், ரொறன்ரோ நகரத்து மோர்னிங்சைட்டில் இருந்த ஒரு வங்கிக் கிளைக்குள் இரத்தினவேல் போகும்வரை.

இரத்தினவேலுக்கு வயது ஐம்பத்தெட்டு. யாழ்ப்பாணக் கச்சேரியின், அதாவது அரசாங்க அதிபர் கந்தோரின், காணிப் பகுதியில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். கனடாவுக்கு வந்து மூன்று வருடம். பகலில் பெட்டி அடிக்கிற கொம்பனி ஒன்றில் வேலை. சீவியம் சென் ஜேம்ஸ் ரவுணில், அன்புராசா என்ற பொடியனும் இன்னும் மூன்று பேரும் இருக்கிற அப்பாட்மென்றின் ஸோபாவில். அவருடைய சம்பளச் செக்கும் அன்புராசாவின் கணக்குக்குள்ளால்தான் போய் வந்தது. தனக்கென்று ஒரு கணக்கு வேண்டும் என்று அவருக்கு இதுவரை தோன்றவில்லை.

இப்போது வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை மனைவி குணவதி கொழும்பிலிருந்து வருகிறாள். மூன்று வருடத்துக்குப் பிறகு வருகிறவளை ஸோபாவுக்குக் கூட்டிப்போக ஏலாது. மோர்னிங்சைட்டில் பத்தாம் மாடியில் ஒரு அறையும் குசினியுமாக வீடு பார்த்தாகிவிட்டது. அந்தக் கட்டடத்தைப் பார்க்கிற சூப்பரிண்டன்ற் நல்ல மனுசன்தான், ஆனால் சட்டம் பேசுகிறவன். "உங்கட சொந்தக் கணக்கிலை பன்னிரண்டு மாதத்துக்கும் பன்னிரண்டு செக். வெள்ளி மத்தியானம் பன்னிரண்டு மணி. பிந்தினால் லிஸ்ற்றில் அடுத்த ஆளுக்கு" என்று சொல்லிவிட்டான்.

கொம்பனியில் ஒரு கிழமை லீவு போட்டுவிட்டு, வேட்டிக்குப் பதிலாகக் களிசான் போட்டால் எப்படியோ அப்படி ஒரு கம்பீரத்தோடு, இரத்தினவேல் வங்கிக்குள் போனார். அங்கே இருந்தவள் கிளடிஸ். மன்னார்ப் பிள்ளை. அந்தக் கிளையில் தமிழ் தெரிந்த ஒரே ஆள்.

"ஐடி ரெண்டும் ஓகே அங்கிள். எல்லாம் வடிவாயிருக்கு." ஒப்பந்தத்தைத் தூக்கி, நாற்பத்தாறாம் பக்கத்தைத் திறந்து, விரலால் இடத்தைக் காட்டினாள். "உதிலை ஒரு கையெழுத்து. முடிஞ்சுது."

இரத்தினவேல் கண்ணாடியைப் போட்டார். நாற்பத்தாறாம் பக்கத்தை வாசித்தார். பிறகு புத்தகத்தை மூடி, முதலாம் பக்கத்தைத் திறந்தார்.

"என்ன அங்கிள் செய்யிறியள்?"

"வாசிக்கிறன் பிள்ளை."

"ஏன்?"

"வாசிச்சு விளங்கிக்கொண்டன் எண்டு போட்டிருக்கே."

"ஐயோ அங்கிள், அது ரூல். எல்லாருக்கும் போட்டிருக்கு. ஒருத்தரும் வாசிக்கிறேல்லை."

"வாசிக்கிறேல்லை எண்டால், வாசிச்சன் எண்டு ஏன் எழுதினவை?"

கிளடிஸ் நாலு வருடம் வங்கியில் வேலை செய்தவள். ரொறன்ரோவின் எல்லா வகைக் கேள்விக்கும் பதில் சொன்னவள். இதற்கு, ஜன்னலோரம் இருந்த கதிரையைக் காட்டினாள்.

அன்றைக்கு வங்கி பூட்டும்வரை இரத்தினவேல் பதினொரு பக்கம் வாசித்தார். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கலாமா என்று கேட்டார். ஒப்பந்தத்தின் பிரதி வாடிக்கையாளருக்கு மட்டும்தான் கொடுபடும், கையெழுத்து வைத்தால்தான் அவர் வாடிக்கையாளர், ஆகவே கையெழுத்து வைத்த பிறகு ஆறுதலாகக் கொண்டுபோய் வாசிக்கலாம் என்று கிளடிஸ் விளக்கினாள். சொல்லி முடிந்ததும் தான் சொன்னதைத் தானே கேட்டு, ஒப்பந்தத்தைத் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டினாள்.

செவ்வாய்க்கிழமை அவர் ஃபிளாஸ்கில் தேத்தண்ணியோடு வந்தார். பத்தொன்பதாம் பக்கத்தில் எழும்பி கவுண்டருக்குப் போனார்.

"பிள்ளை, கட்டண விபரம் அட்டவணை மூண்டிலை எண்டு இருக்கு. அட்டவணை மூண்டு, சிறுநூலைப் பார்க்கட்டாம். சிறுநூல், கிளையிலை விசாரிக்கட்டாம். விசாரிக்கிறன்."

கிளடிஸ் லாச்சியைத் திறந்து ஊழியர் கைநூலை எடுத்தாள். தேடினாள். "பத்தொன்பதாம் பக்கத்தைப் பார்க்கட்டாம், அங்கிள்."

"எதின்ரை?"

"உங்கட கையிலை இருக்கிறதின்ரை."

"அதோடை, விசாரிக்கிறதுக்கும் கட்டணமாம், பதினேழாம் பக்கத்திலை. எவ்வளவு?"

"உங்களுக்குக் கணக்கு இல்லாதபடியால் இப்ப ஒண்டும் இல்லை. கணக்கு இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கே எடுத்திருப்பினம்."

"எவ்வளவு எடுத்திருப்பினம்?"

"அதைக் கேட்டால் ரெண்டாவது கேள்வி, அங்கிள்."

இரத்தினவேல் தன் கொப்பியில் இதை ஏழாவது கேள்வியாகப் பதிந்துகொண்டு கதிரைக்குத் திரும்பினார்.

புதன்கிழமை, கிளையின் முகாமையாளர் மக்கலிஸ்டர் வெளியே வந்தார். உயரமான, சிவந்த, நல்ல குணமான மனுசன். யாரோ ஒருவர் மூன்றாவது நாளாகத் தன் கிளையில் வாசித்துக்கொண்டிருப்பது அவருக்குக் கவலை தந்திருந்தது. வங்கிக்குள் வாசிக்கிறவனை அவர் தன் உத்தியோக காலத்தில் கண்டதில்லை. கொள்ளையடிக்க வந்தவனைக் கண்டிருக்கிறார். அதற்கு என்ன செய்வது என்று கைநூலில் இருந்தது.

இரத்தினவேலுக்குக் கச்சேரி ஆங்கிலம் தெரியும். அது "மேற்படி விடயம் தொடர்பாக" என்று தொடங்கி, "தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்" என்று முடியும். அந்த ஆங்கிலத்தில் அவர் இருபத்திரண்டு கேள்விகளையும் ஒழுங்காக முன்வைத்தார். மக்கலிஸ்டர் ஒப்பந்தத்தை வாங்கி, பத்தொன்பதாம் பக்கம், அட்டவணை, சிறுநூல், கைநூல், திரும்பப் பத்தொன்பதாம் பக்கம் என்று ஒரு சுற்றுப் போய் வந்தார். முகத்தின் சிவப்புக் கொஞ்சம் குறைந்தது.

"இது… நல்ல கேள்வி."

"உங்களுக்கு விளங்குதா, சேர்?"

"நான் முகாமையாளர்."

"அப்ப நீங்கள் கணக்குத் திறக்கேக்கை?"

"நானும் கையெழுத்து வைத்திருக்கிறேன்" என்று மக்கலிஸ்டர் மெல்லச் சொன்னார். "எங்கே வைத்தேன் என்று ஞாபகமில்லை."

அங்கேதான் சிக்கல் பிறந்தது. விளங்காமல் கையெழுத்து வைக்கச் சொன்னால் வற்புறுத்தலாகிவிடும். வற்புறுத்தலாகாது என்று சுற்றுநிருபம் சொல்கிறது. கணக்கு இல்லை என்று திருப்பி அனுப்பவும் ஏலாது. ஐடி இரண்டும் வடிவாக இருக்கிறது. மக்கலிஸ்டர் தலைமைக் கந்தோருக்குத் தொலைபேசி எடுத்தார்.

தலைமைக் கந்தோர் கனநேரம் யோசித்துக் கேட்டது: "அவருக்கு விளங்கவில்லையா? அல்லது, விளங்காது என்பது விளங்கிவிட்டதா?"

"இரண்டாவதுபோல இருக்கிறது."

"அதற்குப் படிவத்தில் புள்ளடி போடக் கூடு இல்லையே" என்று சொல்லி, தலைமைக் கந்தோர் ஒட்டாவாவுக்கு எடுத்தது.

அன்று பின்னேரம் சென் ஜேம்ஸ் ரவுணில் அன்புராசா கோழிக்கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே வழக்கு விசாரித்தான்.

"அண்ணை, நாளைக்கு வியாழன். அக்கா வந்து இறங்கி உந்த ஸோபாவிலையோ படுக்கிறது? நான் எழும்பித் தரத் தயார். ஆனால் அது எனக்கே கட்டையாயிருக்கு."

"கையெழுத்து வைக்க எனக்கென்ன ஆசையில்லையோ? விளங்கேல்லையடாப்பா."

"எனக்கு மட்டும் விளங்கினதோ? நான் அகதி விண்ணப்பத்துக்கே வாசிக்காமல் வைச்சனான். அதுக்குள்ளை நான் செத்துப்போனன் எண்டு எழுதிக் கிடந்தாலும் எனக்குத் தெரியாது. பாருங்கோ, இருக்கிறன்தானே?"

இரத்தினவேல் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கச்சேரியிலை என்ரை வேலை என்னெண்டு நினைக்கிறாய்? காணிப் பத்திரத்தைச் சனத்துக்கு வாசிச்சுக் காட்டி, 'வாசிக்கக் கேட்டு விளங்கிக்கொண்டேன்' எண்ட இடத்திலை பெருவிரல் வாங்கிறது. ஒரு காலைமைக்கு நாப்பது விரல். வாசிச்சால் நாப்பது வருமோ? விரலைப் பிடிச்சு மையிலை அமத்தி, கடுதாசியிலை அமத்தி, அடுத்த ஆள். கெட்டிக்காரக் கிளாக்கர் எண்டு பேர். ஒருநாள் ஒரு மனுசி கையை இழுத்துக்கொண்டுது. 'ஐயா, என்ன எழுதிக் கிடக்கு?' எண்டு கேட்டுது."

"என்ன சொன்னியள்?"

"மணிக்கூட்டைப் பார்த்தன்."

அன்புராசா கத்தியைக் கீழே வைத்தான்.

"அந்தக் காணி அதுக்கு நிண்டுதோ போச்சுதோ எண்டு எனக்குத் தெரியாது. அந்த வசனத்தை நான் முப்பத்தொரு வருசம் மற்றவைக்கு வைச்சுக் குடுத்தனான். அது எனக்கு வரேக்கை ஒருக்கா எண்டாலும் உண்மையாய் வைப்பம் எண்டு பார்க்கிறன்."

"நல்ல எண்ணம்தான் அண்ணை" என்றான் அன்புராசா. "ஆனால் அதுக்கு எடுத்த கிழமை பிழை."

ஒட்டாவாவில் முறைப்பாடு செய்தால் ஆறு மாதத்தில் பதில் வரும். ஏனென்றால் முறைப்பாடுகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது. விளங்காமைக்கு வரிசையே கிடையாது. இந்த நாட்டில் தனக்கு விளங்கவில்லை என்று இதுவரை ஒருவரும் அறிவித்ததில்லை. ஆகவே வியாழக்கிழமை காலை முதல் விமானத்திலேயே விளக்கக் கண்காணிப்பு அதிகாரி அம்மையார் வந்து இறங்கிவிட்டார். சாம்பல் நிறக் கோட்டு, சாம்பல் நிறப் பெட்டி, அன்பான சிரிப்பு.

இரத்தினவேல் முதலில், தான் இதைப்பற்றி அரசாங்கத்துக்கு முறைப்பாடு செய்யலாமா என்று கேட்டார். அது நுகர்வோரின் பிறப்புரிமை என்று அம்மையார் படிவத்தை நீட்டினார். படிவத்தின் அடியில் "மேற்படி அறிவுறுத்தல்களை வாசித்து விளங்கிக்கொண்டேன்" என்று இருந்தது. இரத்தினவேல் கண்ணாடியை எடுத்தார். அம்மையார் படிவத்தை மெதுவாக அவர் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்.

"உங்களுக்கு எது எது விளங்கவில்லை என்று சொல்லுங்கள்."

சொன்னார். இருபத்தாறு இடம். பக்கம், பந்தி, உபபந்தி, எந்த வரி எந்த வரியோடு முரண்படுகிறது, எல்லாம். ஒரு மணித்தியாலம் சென்றது. அம்மையார் பேனையை மூடினார்.

"ஐயா, தனக்கு என்ன விளங்கவில்லை என்று இவ்வளவு துல்லியமாக ஒருவருக்கு விளங்கியிருந்தால், அவருக்கு ஒப்பந்தம் முழுவதும் விளங்கியிருக்கிறது என்றுதான் அர்த்தம்."

"நான் விளங்கேல்லை எண்டதையெல்லோ விளங்கப்படுத்தினனான்?"

"அதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை. கையெழுத்து வையுங்கள்."

"வற்புறுத்திறியளோ, மேடம்?"

அம்மையார் பதறிப்போய்க் கையை எடுத்தார். மக்கலிஸ்டர் கூரையைப் பார்த்தார். கிளடிஸ் ஏதோ விழுந்ததைத் தேடுவதுபோல மேசைக்குக் கீழே குனிந்து கனநேரம் எழும்பவில்லை.

அம்மையார் சுற்றுநிருபத்தை எடுத்து, தன்னுடைய கந்தோர் அச்சடித்ததைத் தானே முதன்முறையாக வாசித்தார். பதினாலாம் பந்தியில் வழி இருந்தது. நுகர்வோருக்கு ஒப்பந்தம் விளங்காதவிடத்து, அவருடைய தாய்மொழி தெரிந்த ஒருவரை வங்கி விளக்க அலுவலராக நியமித்தல் வேண்டும். அவர் ஒப்பந்தத்தை முழுமையாக வாசித்தவராக இருத்தல் வேண்டும்.

"கிளடிஸ்?" என்றார் மக்கலிஸ்டர் நம்பிக்கையோடு.

"நான் வாசிக்கேல்லை, சேர்."

"யாராவது?"

கிளையில் ஒருவரும் வாசிக்கவில்லை. தலைமைக் கந்தோரில் விசாரித்தார்கள். அங்கே எழுதியவர்கள் ஆறு பேர், ஆளுக்கு ஒரு அதிகாரம். முழுவதையும் ஒருவரும் வாசிக்கவில்லை. கடைசியில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஜன்னலோரக் கதிரையைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒப்பந்தத்தை முழுமையாக வாசித்த, தமிழ் தெரிந்த, காலைமையில் சும்மா இருக்கிற ஒரேயொரு ஆள் அங்கே ஃபிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தார்.

வேலைக் கடிதம் ஒரு பக்கம். மூன்று வரி. இரத்தினவேல் அதை இரண்டு தரம் வாசித்தார். விளங்கியது. கையெழுத்து வைத்தார். வங்கி ஊழியர் ஆனதும் அவருக்குச் சம்பளம் போட ஒரு கணக்குத் தானாகவே திறந்தது. அதற்கு ஒப்பந்தம் தேவையில்லை. ஏனென்றால் ஊழியர் நுகர்வோர் அல்ல, ஆகவே அவரை ஒருவரிடமிருந்தும் பாதுகாக்கத் தேவையில்லை என்று சுற்றுநிருபத்திலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு அடிக்க ஏழு நிமிடம் இருக்க, பன்னிரண்டு செக்கும் சூப்பரிண்டன்றின் கைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை குணவதி வந்து, பத்தாம் மாடி ஜன்னலால் எட்டிப் பார்த்து, "உதென்னப்பா, ஆறோ?" என்று கேட்டாள்.

"இல்லையப்பா. உது நம்பர் நானூற்றியொண்டு. றோட்டு."

"இவ்வளவு காரும் எங்கை போகுது?"

"கனபேர் வங்கிக்குத்தான் வருவினம்" என்றார் இரத்தினவேல், கொஞ்சம் பெருமையோடு.

வந்தார்கள். கதை இங்கே முடிந்திருந்தால் எல்லாருக்கும் நல்லது. ஆனால் விளக்க அலுவலர் என்று ஒருவரை நியமித்தபிறகு, அவரிடம் விளங்காமல் ஒரு தமிழரும் அந்தக் கிளையில் கையெழுத்து வைக்க ஏலாது என்று ஒட்டாவா எழுதிவிட்டது. இரத்தினவேலுக்கு ஒரு மேசை, இரண்டு கதிரை, பெயர்ப்பலகை. அவர் ஒவ்வொரு பக்கத்தையும் தமிழில் சொல்லி, உதாரணம் காட்டி, "இப்ப நீங்கள் ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ பாப்பம்" என்று கேள்வியும் கேட்டார். ஒரு ஆளுக்கு இரண்டே முக்கால் மணித்தியாலம் பிடித்தது.

சித்திரை கழிந்து, வெயில் ஏறின ஒரு நாளில் சண்முகலிங்கம் வந்தார். இரத்தினவேல் இருக்கிற கட்டடத்துக்குக் கீழே பலசரக்குக் கடை வைத்திருக்கிறவர். கடைக்கு ஒரு கணக்குத் திறக்க வந்தவர்.

"எங்கை அண்ணை வைக்கிறது?"

"இருங்கோ. முதலாம் பக்கம், 'வங்கி' எண்டால் ஆர் எண்டு சொல்லியிருக்கு."

"அது எனக்குத் தெரியும். உந்தக் கட்டடம்தானே? எங்கை வைக்கிறது?"

"நாப்பத்தாறிலை. இன்னும் ஒண்டே முடியேல்லை."

"அண்ணை, காருக்குள்ளை ஆட்டிறைச்சி கிடக்கு. முழு ஆடு. வெயில்."

"அப்ப மூண்டாம் பக்கத்திலை ஒரு உதாரணம் சொல்லுறன். உங்கட ஆட்டிறைச்சியைத்தான் வைச்சுக்கொள்ளுவம். நீங்கள் அதை ஒரு ஆளிட்டை பாதுகாக்கக் குடுக்கிறியள்…"

"ஐயா கும்பிட்டன், எனக்கு விளங்கிட்டுது!"

"அப்ப திருப்பிச் சொல்லுங்கோ பாப்பம்."

பக்கத்துக் கவுண்டரில் ஒரு வெள்ளைக்காரி வந்தாள், நாற்பத்தாறாம் பக்கத்தைத் திறந்தாள், வைத்தாள், போனாள். சண்முகலிங்கம் அதைப் பார்த்தார். கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். சரித்திரத்தில் சில பேர் அப்படித்தான் எழும்பியிருக்கிறார்கள்.

"ஓகோ! வெள்ளையள் விளங்காமல் கையெழுத்து வைக்கலாம், தமிழன் மட்டும் விளங்கித்தான் வைக்கவேணுமோ? இதுக்கோ நாங்கள் கடல் தாண்டி வந்தனாங்கள்?"

அடுத்த கிழமையே சங்கம் ஒன்று தொடங்கிவிட்டது. தலைவர் சண்முகலிங்கம். உபதலைவர் எட்டுப் பேர். பொதுக்கூட்டம், மைக், வடை, மங்கள விளக்கு. விளங்காமல் கையெழுத்து வைப்பது நாகரிக மனிதனின் அடிப்படை உரிமை என்றும், அதில் இனப் பாகுபாடு காட்டுவதை இனியும் பொறுக்க ஏலாது என்றும் ஒரு பேச்சாளர் கண்ணீர் மல்கப் பேசினார். வரவேற்புரை பேசியவன் அன்புராசா. அவனுக்கு விசயம் என்னவென்று தெரியாது. கூட்டம் என்றால் வரவேற்புரை அவன்தான். விளக்க அலுவலர் பதவியை உடனே ஒழிக்கும்படி சமஷ்டி அரசாங்கத்தைக் கோரும் மனு ஒன்று ஒரு மாதம் கடைக் கவுண்டரில் இருந்தது.

ஆவணி மாதம் ஒட்டாவாவிலிருந்து சங்கத்துக்கும் வங்கிக்கும் பதில் வந்தது. அம்மையார்தான் எழுதியிருந்தார்.

"மேற்படி மனுவில் முன்னூற்றுப் பதினான்கு தமிழ் நுகர்வோர், அதனை வாசித்து விளங்கிக்கொண்டதாக ஒப்பமிட்டுள்ளனர். ஆங்கிலத்தில் அமைந்த நான்கு பக்க மனுவொன்றை இத்தனை பேர் ஐயந்திரிபற விளங்கிக்கொண்டமை, இச்சமூகத்துக்கு இனி விளக்கம் எதுவும் தேவையில்லை என்பதை நிரூபிக்கின்றது. பதவி இம்மாத முடிவுடன் இல்லாதொழிக்கப்படுகிறது. மனுவினதும் ஒப்பங்களினதும் பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது."

மக்கலிஸ்டருக்கு உண்மையிலேயே கவலை. இரத்தினவேலின் கையைப் பிடித்துக்கொண்டு விசயத்தை விளக்கினார். வேலை போனால் ஊழியர் கணக்கும் போகும். கணக்குப் போனால் சூப்பரிண்டன்றின் லாச்சிக்குள் இருக்கிற மிச்சச் செக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். செக் திரும்பினால் வீடும் போகும். கணக்கு நிற்கவேண்டுமென்றால் அவர் நுகர்வோராகவேண்டும்.

கிளடிஸ் நாற்பத்தாறாம் பக்கத்தைத் திறந்து முன்னால் வைத்தாள். விரலால் இடத்தைக் காட்டவில்லை.

"அங்கிள், நீங்கள் எத்தினை தரம் வாசிச்சிருப்பியள்?"

"ஒரு எழுபது தரம்."

"இப்ப விளங்கிட்டுதோ?"

"முதல் தரம் கொஞ்சம் விளங்கினது பிள்ளை. பிறகு பிறகு குறைஞ்சுபோச்சு."

பத்தாம் மாடி ஜன்னலுக்கு முந்தநாள்தான் குணவதி ஒரு திரை தைத்துப் போட்டிருந்தாள். நீலத்தில் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. இரத்தினவேல் அந்தத் திரையை யோசித்தார். பேனையை எடுத்தார். கையெழுத்தை வைத்தார்.

"வாழ்த்துகள்" என்று மக்கலிஸ்டர் கை கொடுத்தார். "இப்போது நீங்கள் பாதுகாக்கப்பட்டவர்."

வீட்டுக்கு வந்தால் கட்டடத்தின் லிஃப்ட் இரண்டும் வேலை செய்யவில்லை. போன மாதம் தொடங்கின வருத்தம், கிழமைக்கு நாலு நாள் படுத்துவிடுகிறது. இரத்தினவேல் பத்து மாடியும் ஏறினார். ஆறாம் மாடியில் இளைப்பாற இருந்தபோது, வங்கிக்கு ஒட்டாவாக் கடிதத்தோடு வந்த மனுவின் பிரதியைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். பழக்கதோசம், மனுவின் நாலு பக்கத்தையும் வாசித்து முடித்து, ஒப்பங்களையும் முதலாவதிலிருந்து வாசித்தார். சண்முகலிங்கம். எட்டு உபதலைவர்கள். அன்புராசா. கீழே, இருபத்துமூன்றாவதாக, வட்ட வட்டமான எழுத்தில் ஒரு கையெழுத்து. அதை அவர் மூன்று வருடம் கொழும்பிலிருந்து வந்த கடிதங்களின் அடியில் பார்த்து வந்தவர்.

கதவைத் திறந்த குணவதிக்கும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு முன்னால் ஒரு பை அரிசி சுவரோடு சாய்ந்து கிடந்தது.

"இப்பதான் நானும் ஏறி வந்தனான். இருபது இறாத்தல். நாரி முறிஞ்சுபோச்சு. என்னப்பா, முகம் ஒருமாதிரிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை. நீர் சண்முகலிங்கத்தின்ரை கடையிலை ஏதும் கையெழுத்து வைச்சனீரோ?"

"ஓம். போன மாதம். எல்லாரும் வைச்சவை, நானும் வைச்சனான்."

"வாசிச்சுப் பார்க்கேல்லையோ?"

"கண்ணாடி கொண்டுபோகேல்லை. பின்னாலை வேறை சனம் நிண்டது. லிஃப்டைத் திருத்தச் சொல்லித்தானே எழுதிக் கிடந்தது?"

இரத்தினவேல் அரிசிப் பையைப் பார்த்தார். அவளுடைய கால்களைப் பார்த்தார். அந்த மனு நாலு பக்கத்தையும் வரி விடாமல் வாசித்தவர் இந்த ரொறன்ரோவிலேயே அவர் ஒருவர்தான்.

"ஓம்" என்றார். "லிஃப்டைப் பற்றித்தான். திருத்துவினமாம்."

"பார்த்தியளே" என்றாள் குணவதி. "கையெழுத்து வைச்சால்தான் இந்த நாட்டிலை ஒரு அலுவல் நடக்கும்."